லாம்பெக் முரசு ஸ்காட்லாந்திலிருந்து வந்ததா?

அடைமழை:
பக்கத்துத் திரியில் ஒருவர், "அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மக்கள் 1609 குடியேற்றத்தின்போதே லாம்பெக் முரசை ஸ்காட்லாந்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். (அல்ஸ்டர் என்றால் அயர்லாந்தின் வட பகுதி. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் வழிவந்தவர்கள்தான் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ். 1609 என்பது அங்கே ஆட்களைக் குடியேற்றிய அரசுத் திட்டம்.) படித்ததும் எரிச்சலாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் எந்த ஊரில் ஐயா அந்த முரசு இருந்தது? லாம்பெக் என்பதே வட அயர்லாந்தில் லிஸ்பர்ன் பக்கத்தில் இருக்கும் ஊர். இன்றைக்கு நாம் பார்க்கிற பெரிய முரசு 19ஆம் நூற்றாண்டில் அல்ஸ்டரிலேயே வளர்ந்தது.

வடக்கன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். புராட்டஸ்டன்ட்கள் நடத்தும் ஜூலை 12 ஊர்வலத்தில் அதை அடிப்பவர்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்களின் வழிவந்தவர்கள். அப்படியிருக்க முரசு மட்டும் எப்படி வேறாகும்?

அடைமழை:
பேச்சை மாற்றாதீர்கள். யார் அடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஹைபர்னியன் சங்கம் என்கிற ஐரிஷ் தேசியவாத அமைப்பின் கத்தோலிக்கர்களும் ஒரு காலத்தில் இதே முரசைத்தான் அடித்தார்கள். அவர்களும் ஸ்காட்லாந்து வம்சமா?

தறிக்காரன்:
அயர்லாந்தில் நடந்த 1690 பாய்ன் போருக்கு இங்கிலாந்தின் வில்லியம் மன்னரின் டச்சுப் படையோடு வந்தது என்றும் சொல்வார்களே?

அடைமழை:
சொல்வார்கள், ஆதாரம் காட்டமாட்டார்கள். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் ஹாலந்துதானே வருகிறது? ஸ்காட்லாந்து எங்கே?

கடலோரக்காரி:
இந்த முரசைக் கிட்டத்தில் நின்று கேட்டவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். முகம் மூன்று அடி அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல். வளைந்த பிரம்பால் அடிக்கிறார்கள். அடிப்பதற்கு முன் கயிற்றை இழுத்து இழுத்துத் தோலை முறுக்கவே வெகுநேரம் ஆகிறது. விளிம்பில் உரசி விரல் முட்டியில் ரத்தம் வந்தாலும் நிறுத்துவதில்லை. கூடவே சின்ன ஃபைஃப் குழல். அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் பண்பாட்டை வளர்க்கும் அரசு அமைப்பான அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் முகமை ஊர் ஊராக இசை வகுப்புகளுக்குப் பணம் தருகிறது. அங்கே கற்றுக்கொள்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமே.

அடைமழை:
பேசலாம் அக்கா. பொய்யைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் இன்னும் நன்றாகப் பேசலாம். அந்த முகமையே வட அயர்லாந்து மோதலை முடித்த 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தது. அது பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே லாம்பெக் ஊர் ஊராக முழங்கிக்கொண்டிருந்தது.

வடக்கன்:
பொய் என்கிற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். போன வருடம் பிடில் திரியிலும் இதே மாதிரிதான் வந்து எல்லோரையும் கிளப்பிவிட்டீர்கள். பேக்பைப்பாவது ஸ்காட்லாந்து என்று ஒப்புக்கொள்வீர்களா? வட அயர்லாந்தின் ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி பேக்பைப் குழு, கிளாஸ்கோ உலகப் போட்டியில் ஸ்காட்லாந்துக்காரர்களையே பல தடவை தோற்கடித்திருக்கிறது. ரத்தத்தில் இல்லாமல் அது வருமா?

அடைமழை:
பயிற்சியால் வரும். அல்ஸ்டருக்குப் போனவர்களில் பெரும்பகுதி தென் ஸ்காட்லாந்தின் அயர்ஷைர், காலோவே பக்கத்துத் தாழ்நிலத்தார். போட்டியில் ஊதுவது வட ஸ்காட்லாந்தின் மேட்டுநில பைப். இன்னொன்று: அல்ஸ்டரின் ஆன்ட்ரிம், டவுன் மாவட்டங்கள் 1609 அரசுத் திட்டத்தில் சேரவே இல்லை. ஹாமில்டன், மாண்ட்கோமரி என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் 1606-இலேயே சொந்த முயற்சியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வருடமும் தப்பு, முரசும் தப்பு.

வடக்கன்:
தாழ்நிலமோ மேட்டுநிலமோ, இரண்டும் ஸ்காட்லாந்துதான். நான் சொன்னதும் அதுதான்.

தறிக்காரன்:
பைப்புக்கு வேறு திரி தொடங்குங்கள் அண்ணே.

அடைமழை:
இல்லை, இங்கேயே முடியட்டும். வடக்கன் அவர்களே, நான் கேட்டது ஒரே ஒரு ஊர்ப் பெயர். ஸ்காட்லாந்தில், 1609க்கு முன், இந்த முரசு இருந்த ஊர்.

வடக்கன்:
உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை. முதலில் பிடில் திரியில் என்னைப் பற்றி எழுதியதை நீக்குங்கள்.

அடைமழை:
அதில் ஒரு எழுத்தைக்கூட நீக்கமாட்டேன்.