எண்ணிக்கை சரியா என்று ஃபிஜி என்ற மென்பொருளில் கண்டுபிடித்த கதை

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருடம். மருந்து கொடுத்த செல்கள், கொடுக்காத செல்கள் என்று 240 ஃப்ளூரசன்ஸ் படங்கள் (ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் எடுத்தவை) கையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை உட்கரு என்று எண்ண வேண்டும். பிரின்ட் போட்டு, பேனாவால் புள்ளி வைத்து எண்ணினேன். ஒரே படம் காலையில் 183, சாயங்காலம் 171. எதை நோட்டில் எழுதுவது?

லேபில் சீனியர் அக்கா ஒருவர்தான் ஃபிஜியைத் திறந்து காட்டினார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கிய இமேஜ்ஜே என்ற படங்களை அளக்கும் மென்பொருளோடு, உயிரியல் படங்களுக்கு வேண்டிய பிளக்கின்களை (கூடுதல் கருவிகளை) சேர்த்துக் கட்டியது அது. காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்.

என்னை அசத்தியது அதன் மேக்ரோ ரெக்கார்டர். ஒரு படத்தில் நான் செய்வதையெல்லாம் அது வரி வரியாக எழுதிக்கொண்டே வந்தது: பின்னணி ஒளியைக் கழித்தது, த்ரெஷோல்டு (இதற்கு மேல் ஒளி இருந்தால்தான் உட்கரு என்ற எல்லை) வைத்தது, ஒட்டிக்கிடந்த உட்கருக்களை வாட்டர்ஷெட்டால் பிரித்தது, எண்ணியது. அந்த வரிகளை ஃபோல்டர் முழுக்க ஓடவிட்டால் போதும். நிரலாக்கத்தில் என் முதல் பாடம் அதுதான்.

ஆனால் முதல் முடிவு என்னைக் கலங்கடித்தது. அதிக டோஸ் கொடுத்த படங்களில்தான் எண்ணிக்கை எக்கச்சக்கம்! கண்ணால் பார்த்தால் அங்கே செல்லே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் த்ரெஷோல்டைத் தானாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தேன். உட்கரு இல்லாத படத்தில் அது பின்னணி இரைச்சலையே இரண்டாகப் பிரித்து, பொடிப்பொடிப் புள்ளிகளைச் செல் என்று எண்ணிவிட்டது. எல்லாப் படமும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தவை என்பதால், மருந்து கொடுக்காத படங்களைப் பார்த்து ஒரே த்ரெஷோல்டை எல்லாவற்றுக்கும் வைத்தேன். பொடிப்புள்ளிகளை எண்ணாதபடி குறைந்தபட்சப் பரப்பளவையும் கொடுத்தேன். சரியாகிவிட்டது. அன்றிலிருந்து அது எதை எண்ணியது என்று காட்டும் கோட்டுப்படத்தைச் சேமிக்காமல் நான் ஒரு எண்ணையும் நம்புவதில்லை.

—

நான் இரண்டாவது ஆள். எனக்கு இப்படி நடந்தது வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை). பட்டையின் அடர்த்தியை இமேஜ்ஜேயில் அளந்தேன். படம் ஜேபெக். சுருக்கும்போதே பிக்சல் மதிப்புகள் மாறிவிடும் என்று அப்போது தெரியாது. போதாததற்குப் பட்டையின் நடுவெல்லாம் 8 பிட் படத்தின் உச்ச மதிப்பான 255-ஐத் தொட்டு நின்றது. அதற்கு மேல் எவ்வளவு புரதம் இருந்தாலும் அதே எண்தானே வரும்? மூன்று பிளாட்டையும் திரும்ப ஓட்டினேன். இப்போது பிக்சல் மதிப்புகளை மாற்றாத 16 பிட் டிஃப் கோப்பில் மட்டும்தான் சேமிக்கிறேன்.

—

நான் மூன்றாவது ஆள். என்னுடையது படம் இல்லாமல் ஒரு அனுபவம். ஆர்என்ஏ சீக்வென்சிங் (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் முறை) தந்த பட்டியலை எக்ஸெலில் திறந்து மூடினேன். செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகிவிட்டது, மார்ச்1 என்பதும் தேதியாகிவிட்டது. உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும், கவனியுங்கள். நான் இப்போது பட்டியலை நேராக ஆர் என்ற நிரல் மொழியிலேயே படிக்கிறேன். மூலக் கோப்பை ரீட் ஒன்லியாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

—

முதலில் எழுதியவள்தான். கட்டுரையை மதிப்பிட்டவர், குறைந்தபட்சப் பரப்பளவை மாற்றினால் முடிவு மாறுமா என்று கேட்டிருந்தார். மேக்ரோவில் ஒரு எண்ணை மாற்றி 240 படத்தையும் ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது அட்டவணை தயார். வித்தியாசம் மிகச் சிறியது. இரண்டு அட்டவணையையும் அப்படியே இணைத்து அனுப்பினேன்.