ஃபைலை மூடின பிறகும் மனசை விட்டுப் போகாத கிளையண்ட் யார்? உங்க அனுபவத்தைப் பகிருங்க

மலைக்கோட்டை:
அரசு மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் நான். எலும்பு வார்டில் இடுப்பு உடைந்த பாட்டி ஒருவர். சேர்த்துவிட்டுப் போன மகன் திரும்பவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். மீதிக் கதை உங்களுக்கே தெரியும், வீட்டை எப்பவோ மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாச்சு. 2007 முதியோர் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) மனு போடலாம், மகனிடம் பராமரிப்புச் செலவுக்கு மாதம் பத்தாயிரம் வரை கேட்கலாம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனுத் தாளை நீட்டினேன். வாங்கித் திருப்பி, வெள்ளைப் பக்கத்தைக் காட்டினார். "இதுல எம் பையன் நம்பரைப் பெருசா எழுதிக் குடு சாமி. வர்றவங்க போறவங்ககிட்ட காட்டிப் போன் போடச் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு இல்லத்தில் இடம் பிடித்து அனுப்பினோம். முடிவெடுக்கும் உரிமை கிளையண்டுக்குத்தான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன் நான். அவர் அந்தத் தாளை மடித்து முந்தியில் முடிந்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சட்டம்பேசி:
அவங்க வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுடுவீங்களா? அதே சட்டத்துல பிரிவு 5-ஐப் படிங்க சார், ஆர்டிஓ நடத்துற தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கலாம். முதியவரைக் கைவிட்டுப் போனா பிரிவு 24-ல் மூணு மாசம் வரை சிறை. பத்திரத்தையும் பிரிவு 23-ல் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனா பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததுன்னு காட்டணும், 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாவே சொல்லிடுச்சு. அதனால வார்டில் யாராவது செட்டில்மெண்ட் பத்தி வாயெடுத்தாலே முதல் வேலையா பத்திர நகலை வாங்குங்க. தேதியைப் பாருங்க, சட்டம் வந்த பிறகு எழுதினதுதானான்னு. நிபந்தனை வரி இருக்கான்னு பாருங்க. இதையெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டு போட்ட அன்னிக்குத் தேடாதீங்க, அட்மிஷன் அன்னிக்கே தேடுங்க.

என் கேஸ் ஒண்ணு: நிபந்தனை இருந்தது, பத்திரம் ரத்தாச்சு. வீட்டுச் சாவியை அந்த அம்மா கையில் கொடுத்தேன். என் மேசை மேலேயே திருப்பி வெச்சுட்டு, "அங்க போயி யாருகூடப் பேசுறது?"ன்னு கேட்டாங்க. சரி, அது வேற விஷயம்.

ஊதாப்பூ:
வேற விஷயமா? அதுதானே விஷயமே!

என்னுடையது பள்ளிக்கூடத்தில். ஒன்பதாம் வகுப்புப் பெண், கிளாஸ் டீச்சர் அனுப்பியிருந்தார். எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் முதலிலேயே சொன்னேன்: நீ பேசுவது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான், ஆனா உன்னை யாராவது தப்பாத் தொட்டாலோ, உன் உசுருக்கு ஆபத்துன்னாலோ நான் சொல்லியே ஆகணும். போக்சோவில் தகவல் தராமல் இருப்பதும் குற்றம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் பேனா மூடியைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "எது எதெல்லாம் சொல்லுவீங்க மிஸ்? லிஸ்ட் குடுங்க."

லிஸ்ட் மாதிரியே சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு பீரியட் முடியும்வரை அல்ஜீப்ரா வரமாட்டேங்குது என்பதைப் பற்றியே பேசினாள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எழுதிக் கொடுத்தேன். டீச்சரையும் கவனிக்கச் சொல்லி, குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பேசினேன். சொல்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை, அல்ஜீப்ராவைத் தவிர. அரையாண்டு விடுமுறையில் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அல்ஜீப்ராதான் பிரச்சினையோ என்னவோ.

பழைய ரிக்கார்டு:
எல்லையை முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும், ரெண்டு மூணு தடவை பழகின பிறகு சொல்லலாமே. சமூகப் பணிப் பாடத்தில் நாம் படித்த பீஸ்டெக் 1957-ல் எழுதி வைத்த ஏழு கோட்பாட்டில் ரகசியம் காப்பதும் ஒன்று, அதை ஆரம்பத்திலேயே ஓட்டை போட்டுக் கொடுத்தால் உறவு எங்கிருந்து வரும்?

ஊதாப்பூ:
பழகிய பிறகு சொன்னால் அதற்குப் பேர் ஏமாற்று. பீஸ்டெக்கும் ரகசியத்துக்கு எல்லையே கிடையாது என்று சொல்லவில்லை. ஏழு கோட்பாட்டையும் மனப்பாடம் செய்தவர்கள் அதையும் சேர்த்துச் செய்திருக்கலாம்.

டிபி அக்கா:
சண்டையை நிறுத்துங்க, என் பிரச்சினைக்கு வழி சொல்லுங்க. வீட்டு விசிட் போன இடத்தில் திண்ணையில் பக்கத்து வீட்டம்மா. "யாரு இது?" நான் வாயைத் திறக்கும் முன்னே என் பேஷண்ட், "எங்க சித்தி பொண்ணு, திருப்பூர்ல இருக்கா"ன்னு சொல்லிட்டா. கண் இமைக்கவே இல்ல. ஆறு மாசமும் அந்தத் தெருவில் நான் சித்தி பொண்ணுதான், திருப்பூர் பனியன் கம்பெனி பற்றிய கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கேன். மாத்திரை முடிஞ்சு சளி டெஸ்ட் நெகட்டிவ், கேஸ் மூடியாச்சு.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு டிபி பற்றித் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, கேட்கிற உரிமையும் இப்ப எனக்கு இல்லை. போகலைன்னா சித்தி பொண்ணு ஏன் வரலன்னு தெருவே கேட்கும்.

சட்டம்பேசி:
போங்க. ஆனா பரிசு, பணம் எதுவும் வேண்டாம், தொழில் உறவுக்கு அது ஒத்து வராது.

டிபி அக்கா:
சித்தி பொண்ணு மொய் வைக்காம சாப்பிட்டுட்டு வந்தா விட்டுடுவாங்களா? சரி, வைக்கிறேன்னே வெச்சுக்கங்க. மொய் நோட்டில் எந்த ஊர், யார் மகள்னு கேட்பாங்களே, என்னன்னு எழுதச் சொல்ல?