அப்பாவுக்கும் மகளுக்கும் பறவை காட்ட வேண்டும்: பெத்தகானவா, தியசருவா, முத்துராஜவெலவா?

வெள்ளவத்தைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்து எங்களோடு நிற்கிறார். வயது 74, முழங்கால் வலி, ஆனாலும் மெதுவாக நடப்பார். மகளுக்கு 9 வயது, டிசம்பர் விடுமுறை, பல்கனியில் வந்து இருக்கும் மைனாவையும் கிளியையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு "வேறு பறவை எங்கே இருக்கு" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். போன மாதம் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனேன், போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிட்டது, நல்ல வெயில், ஒரு மணித்தியாலம் சுற்றி இரண்டு கொக்குத்தான் கண்டோம். திரும்பி வரும்போது பிள்ளை ஒரு வார்த்தை கதைக்கவில்லை, எனக்கு மனசே சரியில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. எங்கே போகலாம்? பைனாகுலர் கட்டாயம் வேண்டுமா?

ஓடைக்கரை:
பெத்தகானவுக்கே போங்கள் அக்கா. கோட்டேப் பக்கம் இருக்கிற ஈரநிலப் பூங்கா, வெள்ளவத்தையிலிருந்து விடிய ஓட்டோவில் போனால் தெருவில் நெரிசல் இருக்காது. மொத்தம் 18 ஹெக்டேயர்தான், தண்ணீருக்கு மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அப்பாவுக்கு ஏற்றம் இறக்கம் இல்லை. தியசரு பூங்காவும் எனக்குப் பிடித்த இடம்தான், ஆனால் அங்கே நடை கூட. முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் படகில் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலியோடு அது வேண்டாம்.

போன மாதம் நடந்ததற்கு நேரம்தான் காரணம். கேட் திறந்ததும் உள்ளே நிற்க வேண்டும், ஒன்பது மணிக்குப் பிறகு பாதிப் பறவை நிழலுக்குள் போய்விடும். அதைவிட முக்கியம், பூங்கா முழுவதையும் சுற்றி முடிக்கப் பார்க்காதீர்கள். பலகைப் பாதையில் புல்லும் தண்ணீரும் சேரும் ஒரு இடமாகப் பார்த்து அரை மணித்தியாலம் அசையாமல் இருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பிள்ளைக்கு அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு நீலத் தாழைக்கோழி தானாகவே வெளியே வரும். சிவப்புக் காலால் ஒரு தண்டைப் பிடுங்கி, நாம் கரும்பைப் பிடிப்பது மாதிரி விரலால் பிடித்துக்கொண்டு, அலகால் கிழித்துக் கிழித்துத் தின்னும். அதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதற்கு பைனாகுலரே தேவையில்லை.

கானாங்கோழி:
ஓடைக்கரை சொன்னது சரி, அசையாமல் இருப்பதுதான் எல்லாம். ஆனால் பைனாகுலர் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இரவலாவது வாங்கிக்கொண்டு போங்கள். இலைக்கோழி தூரத்தில்தான் நடக்கும், தாமரை இலையில் அது கால் வைக்கிற விதத்தையும் அந்த நீண்ட விரல்களையும் பைனாகுலர் இல்லாமல் காண முடியாது. நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான், அதனால் இப்போது வால் இல்லாமல் கண்டால் வேறு பறவை என்று நினைக்க வேண்டாம். மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாதான்.

இன்னொன்று. போனில் மெர்லின் செயலியைப் போட்டுக் குரலைக் கேட்டுப் பெயர் கண்டுபிடிப்பது நல்லது, ஆனால் பதிவு செய்த குரலைத் திரும்பப் போட்டுப் பறவையைக் கூப்பிடுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். மகளுக்கு ஆர்வம் நிலைத்தால் இலங்கை களப் பறவையியல் குழு இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்குகிறது, விசாரித்துப் பாருங்கள்.

மழைத்தண்ணீர்:
நுளம்புக்கு மருந்து பூசி, நீளக் கை சட்டை போட்டுப் போங்கள், விடிய நேரம் கடிக்கிறதுதான் டெங்கு நுளம்பு.

அந்த இடம் ஏன் அப்படியே விடப்பட்டிருக்கிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெய்கிற மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது இந்தச் சதுப்புகள்தான். ஒவ்வொன்றாக மண் போட்டு நிரப்பிக்கொண்டே வந்தோம், தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தபோது அதில் கொழும்பும் ஒன்று. கொழும்பில் இருக்கிற எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

வெள்ளவத்தைவாசி:
போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே ஒரு இடத்தில் இருந்தோம். தாழைக்கோழி, பாம்புத்தாரா, செந்நாரை, இரண்டு வகை மீன்கொத்தி, கொப்பியில் 14 பெயர். நடுவில் மரப் பக்கமிருந்து இரண்டு முறை விசில் அடித்த மாதிரி ஒரு குரல் வந்தது, நான் யாரோ பையன் என்று நினைத்தேன், அப்பா உடனே கையை உயர்த்தி "பேசாமல் இருங்கோ, ஆறுமணிக் குருவி" என்றார். சின்ன வயதில் கிணற்றடியில் கேட்ட குரலாம். எவ்வளவு நேரம் பார்த்தும் அது வெளியே வரவில்லை. ஆனாலும் மகள் கொப்பியில் "அம்மப்பா கேட்டது" என்று அதற்குத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

ஒன்று மட்டும் பெயர் தெரியவில்லை. மைனாவை விடச் சின்னது, பழுப்பு முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, தனியாக ஒரு பட்ட கொப்பில் இருந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடைக்கரை:
பழுப்புக் கீச்சான் அக்கா. சைபீரியா, மொங்கோலியா பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருவது, ஏப்ரல் வரை இங்கே நிற்கும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு, அந்தக் கொப்பு எது என்று மகளைக் கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.