ஏபி இங்கிலீஷ் லாங்: அனஃபோரா, பேத்தோஸ் எல்லாம் கரெக்டா கண்டுபிடிக்கிறா, ஆனா எஸ்ஸேல மார்க் வரல

எடிசன்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு லெவன்த் கிரேடு, இந்த வருஷம் ஏபி (ஹைஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம்) இங்கிலீஷ் லாங்குவேஜ் எடுத்திருக்கா. மேத்ஸ் சயின்ஸ்னா நானோ அவங்கப்பாவோ உக்காந்து சொல்லிக் குடுத்துருவோம், இதுல எங்க ரெண்டு பேருக்குமே ஒண்ணும் ஓடல. இப்ப கிளாஸ்ல மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதின லெட்டர் போயிட்டிருக்கு. இவ ஃப்ளாஷ்கார்டு போட்டு அனஃபோரா (ஒரே சொல்லால திரும்பத் திரும்ப ஆரம்பிக்கறது), அல்யூஷன் (தெரிஞ்ச ஆளையோ நூலையோ சுட்டுறது), ஆன்டிதீசிஸ் (எதிரெதிரா வெச்சுச் சொல்றது), கயாஸ்மஸ் (சொல் வரிசைய திருப்பிப் போடுறது)னு ஒரு கட்டு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா, எது எங்க இருக்குனு கேட்டா டக்கு டக்குனு காட்டிடுறா. ஆனா எஸ்ஸே எழுதினா ஆறுக்கு மூணு, அத தாண்டவே மாட்டேங்குது. டீச்சர் ஒவ்வொரு பாரா பக்கத்துலயும் "ஸோ வாட்?"னு மட்டும் எழுதி அனுப்புறாங்க. அவ எழுதினது இப்படித்தான் இருக்கு: கிங் தன்னோட ஆறு வயசு மகளைப் பத்தி சொல்றார், இது பேத்தோஸ், இதனால படிக்கறவங்களுக்கு எமோஷன் வருது. இருக்கறதத்தானே எழுதியிருக்கா, இதுல என்ன குறைனு எனக்குப் புரியல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

சனிக்கிழமை_டியூஷன்
சிஸ்டர், எழுதினது தப்பில்ல, பாதிதான் எழுதியிருக்கா. படிக்கறவங்கன்னா யாரு? என்ன எமோஷன்? அது வந்தா கிங்குக்கு என்ன ஆகணும்? இந்த மூணும் அந்த பாராவுல எங்கயும் இல்ல, அதத்தான் டீச்சர் கேக்குறாங்க.

மொதல்ல லெட்டர் யாருக்குப் போச்சுனு அவளைக் கேளுங்க. 1963 ஏப்ரல் 12, குட் ஃப்ரைடே, அன்னைக்குத்தான் கிங்க அரெஸ்ட் பண்றாங்க. அலபாமால எட்டு வெள்ளைக்கார மதகுருமாருங்க சேர்ந்து ஒரு அறிக்கை விடறாங்க, கறுப்பர்களைப் பிரிச்சு வெக்கிறதுக்கு எதிரான இந்தப் போராட்டம் இப்ப வேணாம், நேரம் சரியில்ல, வெளியூர்க்காரங்க வந்து நடத்துறாங்க, குறை இருந்தா கோர்ட்டுல பாத்துக்கலாம்னு. அதுக்கு பதிலாத்தான் இந்த லெட்டர், ஏப்ரல் 16 தேதி போட்டிருக்கும். அந்த எட்டு பேர்ல ஒரு கத்தோலிக்க பிஷப் உண்டு, ஒரு யூத ரபி உண்டு, மத்தவங்க புராட்டஸ்டன்ட். இப்ப கிங் யாரையெல்லாம் மேற்கோள் காட்டுறார்னு பாருங்க. அகஸ்டின், அக்வினாஸ், மார்ட்டின் பூபர், பால் டில்லிக். பூபர் யூத தத்துவ அறிஞர், டில்லிக் புராட்டஸ்டன்ட் இறையியலாளர், அக்வினாஸ் கத்தோலிக்கர் எல்லாருக்கும் பெரிய பேரு. நியாயமில்லாத சட்டம் சட்டமே இல்லைனு அவங்கவங்க ஆளுங்க வாயாலயே சொல்ல வெக்கிறார். இத "அல்யூஷன் யூஸ் பண்ணியிருக்கார்"னு ஒரு வரில முடிச்சா எப்படி மார்க் வரும்? அந்த எட்டு பேரால இதை மறுக்க முடியாது, மறுத்தா அவங்க பெரியவங்களையே மறுக்கணும், அதுவரைக்கும் எழுதினாத்தான் கமெண்டரி.

கோவில்பட்டி_டு_ஆஸ்டின்
நாமளும் தமிழ்ப் பாடத்துல இதத்தான படிச்சோம். அணி கேட்டா விளக்கம் எழுதணும், எடுத்துக்காட்டு எழுதணும், கடைசியா பொருத்திக் காட்டணும். "பொருளல் லவரை"ங்கற குறள்ல ஒரே சொல்லு வேற வேற பொருள்ல திரும்பத் திரும்ப வருது, அதனால சொற்பின்வருநிலையணினு எழுதினா முழு மார்க்கு. அங்கன அது போதும். இங்கன அந்த மாதிரி எழுதினா பாதி மார்க்குதான், எதுக்காகத் திரும்ப வருதுங்கறதுதான் இவங்களுக்கு மெயின். என் பையன் போன வருஷம் இதே கதை, நானே அவனுக்கு அணி இலக்கணம் மாதிரி டேபிள் போட்டுக் குடுத்தேன், நல்லா கெட்டுச்சு போங்க. அந்த ஃப்ளாஷ்கார்டத் தூக்கிப் போடச் சொல்லுங்க, நான் சொல்றது அவ்ளோதான்.

சனிக்கிழமை_டியூஷன்
தூக்கிப் போட வேணாம் அண்ணாச்சி. பேரு தெரிஞ்சாத்தான் பாதிப் பிள்ளைகளுக்கு அது கண்ணுலயே படும். பேரோட நின்னுடறதுதான் பிரச்சனை.

யூடி_சோஃபமோர்
நான் ரெண்டு வருஷம் முன்னாடி இந்த எக்ஸாம் எழுதினேன், அஞ்சுக்கு அஞ்சு வந்துச்சு. ஆன்ட்டி, மார்க் போடுற ரூப்ரிக்க எடுத்து வெச்சுப் பாருங்க, தீசிஸ்க்கு (மையக் கருத்து) 1, எவிடன்ஸ் அண்ட் கமெண்டரிக்கு (ஆதாரமும் விளக்கமும்) 4, சோஃபிஸ்டிகேஷனுக்கு (ஆழமான பார்வை) 1. மூணுல நிக்கிறான்னா தீசிஸ் கிடைச்சிருக்கும், நடுவுல நாலுக்கு ரெண்டு வாங்குறானு நினைக்கிறேன். அந்த ரெண்ட மூணாக்க, எழுத்தாளர் செஞ்ச ஒரு சாய்ஸாவது அவரோட வாதத்துக்கு எப்படி உதவுதுனு விளக்கியிருக்கணும், நாலு வேணும்னா ஒண்ணுக்கு மேல. சோஃபிஸ்டிகேஷன் பாயிண்ட்ட மறந்துடச் சொல்லுங்க, அத துரத்திப் போயி பெரிய பெரிய வார்த்தையா போட்டு சொதப்பினவங்கதான் அதிகம்.

அப்புறம் முக்கியமா, ஈத்தோஸ் (பேசுறவர் மேல வர்ற நம்பிக்கை) ஒரு பாரா, பேத்தோஸ் (உணர்ச்சி) ஒரு பாரா, லோகோஸ் (காரண காரியம்) ஒரு பாரானு பிரிச்சு எழுதவே கூடாது. அந்த மகள் வர்ற இடத்தையே எடுத்துக்கோங்க, அது தனி வாக்கியமே இல்ல, முன்னூறு வார்த்தைக்கு மேல போற ஒரே வாக்கியத்துக்கு நடுவுல வருது. "வென் யூ, வென் யூ"னு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டே போறார், கும்பல் அடிச்சுக் கொல்றது, போலீஸ் அடிக்கிறது, டிவில விளம்பரம் வந்த பார்க்குக்கு ஏன் போக முடியாதுனு மகளுக்குச் சொல்ல நாக்கு குழறுறது, ராத்திரி தங்க எந்த மோட்டல்லயும் இடம் குடுக்காததுனால கார்லயே தூங்குறது. இத்தனையும் முடிஞ்சு கடைசிலதான் முதன்மை வாக்கியம் வருது, நாங்க ஏன் காத்திருக்க முடியலைனு அப்ப உங்களுக்குப் புரியும்னு. காத்திரு காத்திருன்னு சொன்னவங்கள ஒரு வாக்கியம் முடியறதுக்கே காக்க வெச்சுட்டார் பாருங்க. அனஃபோரா, பேத்தோஸ், வாக்கிய அமைப்பு மூணும் ஒரே வேலைய செய்யுது, மூணு பாராவா உடைச்சா அது செத்துடும்.

எடிசன்_அம்மா
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இத அவகிட்ட காட்டினேன், "அம்மா இது எங்க டீச்சர் சொன்னதுதான்"னு சொல்லிட்டு, ஆனா உக்காந்து படிச்சா. இன்னொரு டவுட்டு, ஈத்தோஸ்க்கு அவ "கிங் ஒரு பாஸ்டர், டாக்டர் பட்டம் வாங்கினவர், அதனால ஈத்தோஸ்"னு எழுதியிருக்கா, அது ஓகேவா?

பழைய_புத்தகம்
ஓகே இல்லைங்க. அரிஸ்டாட்டில் தன்னோட ரெட்டரிக்ல இத தெளிவாவே சொல்லிட்டார், பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற பேரு புகழ் கணக்கில்ல, பேச்சுக்குள்ள பேசுறவர் தன்னை எப்படிக் காட்டிக்கிறார்ங்கறதுதான் ஈத்தோஸ்னு. டாக்டர் பட்டம் எல்லாம் லெட்டருக்கு வெளிய இருக்கு. உள்ள பாருங்க, மொத பாராவுலயே நீங்க நல்லெண்ணம் உள்ளவங்க, அதனால பொறுமையா பதில் சொல்றேன்கறார். ஜெயிலுக்குள்ள உக்காந்துக்கிட்டு, தன்னைக் குறை சொன்னவங்களுக்கு! அடுத்து வெளியூர்க்காரன்ங்கற குத்தச்சாட்டுக்கு வர்றார், நான் சதர்ன் கிறிஸ்டியன் லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ் தலைவர், இங்க இருக்கற எங்க கிளை அமைப்பு கூப்பிட்டுத்தான் வந்தேன்னு. இது காரணம் காட்டுற லோகோஸும் தான். அதோட விடாம, அப்போஸ்தலர் பவுல் ஊர விட்டுப் போயி நற்செய்தி சொன்ன மாதிரி நானும் வந்திருக்கேன்கறார், பவுலை வெளியூர்க்காரன்னு எந்தப் பாதிரியார் சொல்லுவார்? என்னைக் கேட்டா லெட்டர்ல ரொம்ப கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான், அந்த நீள வாக்கியத்த விட.

அப்புறம் கைரோஸ்னு ஒண்ணு இருக்கு, சொல்ற நேரம். ஊர்ல அப்பதான் பௌட்வெல்னு புது மேயர் ஜெயிச்சிருக்கார், அவருக்கு டைம் குடுங்கங்கற பேச்சுக்கு கிங், அவர் ஊர் போலீஸுக்குப் பொறுப்பா இருந்த கானர விட மென்மையான ஆளுதான், ஆனா ரெண்டு பேரும் நிறவெறிய விடாதவங்கதான்னு பதில் சொல்றார். 1963 ஏப்ரல் தெரியாம இந்த வரியோட காரம் தெரியாது.

யூடி_சோஃபமோர்
ஆமா, ஆனா எக்ஸாம்ல பழக்கமில்லாத பேசேஜ்தான் வரும், இந்த பேக்ரவுண்ட் எல்லாம் கைல இருக்காது. கேள்விக்கு மேல யாரு எப்ப யாருக்குச் சொன்னதுனு ரெண்டு மூணு வரி குடுப்பாங்க, பாதிப் பேர் அத தாண்டிப் போயிடுவாங்க, தீசிஸே அதுக்குள்ளதான் இருக்கும். ஒரு எஸ்ஸேக்கு நாப்பது நிமிஷம்னு சொல்றாங்க, அதுல முதல் பத்து நிமிஷம் எழுதாம படிக்கச் சொல்லுங்க. இப்ப எக்ஸாம் ஸ்க்ரீன்லதான், அதனால வீட்லயும் டைப் பண்ணியே பழகட்டும்.

ப்ராக்டிஸ்க்கு லிங்கனோட கெட்டிஸ்பர்க் பேச்சு குடுங்க, 1863 நவம்பர் 19, முன்னூறு வார்த்தை கூட வராது. அதுல அனஃபோரா தேடச் சொல்லாதீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் முடியல, சுத்தி புதைகுழி, ஆனா அந்தாளு எதிரிப் படையோட பேரைச் சொல்லல, அடிமைத்தனம்ங்கற வார்த்தைய சொல்லல, அந்த ஊர் பேரைக்கூட சொல்லல. ஏன் சொல்லலைனு ஒரு பாரா எழுதச் சொல்லுங்க. அதுக்கு அவ ஃப்ளாஷ்கார்டுல பேரு இருக்காது, எழுதினா இங்க போடுங்க, பாக்கலாம்.