புதுப்பிப்பு: எடி வான் ஹேலனின் சிறு கிட்டார் பிரதி

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தானே உருவாக்கிய, கோடுகள் போட்ட ‘ஃபிராங்கன்ஸ்ட்ராட்’ கிட்டாருக்கான கையடக்கப் பிரதிகளில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். பலரும் கோடுகளைக் கவனிக்கச் சொன்னீர்கள். சிவப்புப் பிரதி இப்போது கைக்கு வந்துவிட்டது.

என் கணிப்பில், கோடுகளைவிட நாணயமே நம்பகமான அடையாளம். மூலக் கிட்டாரில் ஃபிளாய்டு ரோஸ் வகை பிரிட்ஜின் (நரம்புகளைத் தாங்கி, சாய்த்தால் சுருதியை மாற்றும் பாகம்) ஓரத்தில், அது பின்னோக்கிச் சாயாமல் தடுப்பதற்காக, 1971ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். என் பிரதியில் அது அச்சிட்ட வட்டமாக இல்லாமல், விரல் நுனியில் தட்டுப்படும் தனித் தகடாகவே இருக்கிறது. ஒலியளவுக் குமிழின் மீது ‘டோன்’ (ஒலியின் தன்மை) என்று எழுதியிருக்கும் வேடிக்கையையும் விட்டுவைக்கவில்லை. பின்புறத்தில் ஒட்டியுள்ள பிரதிபலிப்பான்கள் மட்டும் வெறும் வண்ணப்பூச்சு. அந்த விலைக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

கறுப்பு வெள்ளைப் பிரதியை வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1978இல் வெளியான வான் ஹேலன் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையில் காணும் அந்தத் தோற்றத்தில் ஃபிளாய்டு ரோஸுக்கு முந்தைய ஃபெண்டர் வகை டிரெமலோ பிரிட்ஜ்தான் இருந்தது, சிவப்பு வண்ணம் ஏறியது 1979இல். ஆகவே கறுப்பு வெள்ளைப் பிரதியில் நாணயம் தென்பட்டால், தயாரித்தவர் இரண்டு காலங்களைக் கலந்துவிட்டார் என்று பொருள்.

நரம்புகள் உலோகம்தான், ஆனால் சுருதி சேர்க்க முயலாதீர்கள், கழுத்து தாங்காது.