புதுப்பிப்பு: ஜோடியோடு ஏஸையும் பிடிக்கலாமா?
போன வாரம் ஐந்து சீட்டு டிரா போக்கரில் (கையில் வந்த ஐந்து சீட்டில் வேண்டாததை மாற்றி ஆடும் சீட்டாட்டம்) ஒரு ஜோடி வந்தால் கூடவே ஏஸையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். ஜோடியை மட்டும் வைத்து, ஏஸோடு சேர்த்து மீதி மூன்றையும் மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி, அதுதான் சரி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: மூன்று மாற்றினால் கை மேம்பட சுமார் 29 சதவீதம், ஏஸை வைத்து இரண்டு மாற்றினால் 26, அதிலும் ஜோடி மூன்றாக மாறும் வாய்ப்பு 11-லிருந்து 8-க்கு இறங்கிவிடுகிறது.

நேற்று ராத்திரி தம்பியோடு புளியங்கொட்டை வைத்து ஆடினேன். கையில் நாலு ஆட்டின் (ஹார்ட்ஸ்), ஐந்தாவதும் ஆட்டின் வந்தால் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்), காணாத 47 சீட்டில் ஆட்டின் 9தான், மாற்றினால் கிளாவர் ஏழு வந்தது. அப்புறம் அடுத்த ஆட்டத்தில் அவன் ஒரே ஒரு சீட்டு மாற்றினான். எதிராளி எத்தனை மாற்றுகிறார் என்று பார்ப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. நாலு சீட்டை வைத்துக்கொண்டானே, இரண்டு ஜோடியாக இருக்கும் என்று என் ஜாக்கி ஜோடியோடு ஆட்டத்திலிருந்து விலகிவிட்டேன். காட்டினான்: ராஜா இரண்டு, பத்து இரண்டு.