இஷின் மறுவாக்கம்: விமர்சனங்களைப் படித்துவிட்டு ஆடியவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

'லைக் எ டிராகன்: இஷின்!' என்ற காணொளி ஆட்டம் 2023 பிப்ரவரி 21 அன்று வெளிவந்தபோது அதற்கு எழுதப்பட்ட விமர்சனங்கள் பெரும்பாலும் சாதகமாகவே இருந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. கதை, நடிப்பு, கியோ (ஆட்டத்தில் கியோட்டோவின் பெயர்) நகரத் தெருக்களில் நடக்கும் கிளைக்கதைகள் என்று அவர்கள் புகழ்ந்தவை ஏறத்தாழ எல்லாமே 2014இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த மூல ஆட்டத்திலேயே இருந்தவை. குறை கூறியவற்றில் பெரும்பங்கோ மறுவாக்கத்துக்கென்று புதிதாகச் சேர்க்கப்பட்டவை. ஆட்டத்தை முடித்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். ஆடியவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்கலாம்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாகுசா ஆட்டத் தொடரை உருவாக்கும் ரியூ கா கொதோகு ஸ்டூடியோ, தன் வழக்கமான பாத்திரங்களுக்குச் சாமுராய் உடை அணிவித்து 2008இல் 'கென்சான்!' என்ற ஆட்டத்தையும், 2014 பிப்ரவரி 22 அன்று, அதாவது ஜப்பானில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கருவி விற்பனைக்கு வந்த அதே நாளில், 'இஷின்!' ஆட்டத்தையும் வெளியிட்டது. இரண்டும் அப்போது நாட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதனால் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டு ரசிகர்கள் காட்சிகளுக்கு ஆங்கில வரிகள் சேர்த்த காணொளிகளைப் பார்த்தே திருப்தி அடைந்தார்கள். விமர்சனங்களில் தெரிந்த பரிவுக்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது தொடக்கப் பகுதிதான். ஜப்பானின் டோசா சிற்றரசில் கீழ்த்தட்டுச் சாமுராய்கள் மேல்தட்டினர் முன் தலைநிமிர முடியாத நிலையில், சகமோட்டோ ரியோமா ஊர் திரும்புகிறான். அவனை வளர்த்த யோஷிடா டோயோ அவன் கண்முன்னே கொல்லப்படுகிறார். பழி அவன்மேல் விழுகிறது. கொலையாளி பயன்படுத்திய டென்னென் ரிஷின் வாள்முறையை மட்டுமே துப்பாகக் கொண்டு அவன் கியோவுக்கு ஓடி, சைட்டோ ஹஜிமே என்ற பெயரில் ஷோகுன் ஆட்சியின் காவல் படையான ஷின்சென்குமியில் சேருகிறான். அவன் தேடும் ஆள் அந்தப் படையின் தலைவர்களுள் ஒருவனாக இருக்கலாம் என்பதால், அவர்களோடு அமர்ந்து குடிக்கும் சாதாரணக் காட்சிகூட நம்மை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. தொடக்கம் மெதுவாக நகர்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்த மெதுவான மணிநேரங்கள் இல்லையென்றால் பின்னால் அந்தப் படையின் தலைவர்களான ஒகிடாவும் நாககுராவும் காட்டும் நட்பில் சந்தேகம் கலந்திருக்காது என்பதே என் அனுபவம்.

இனி அட்டைகள். மூல ஆட்டத்தில், சண்டையில் சிறப்புத் தாக்குதல் தரும் படைவீரர் அட்டைகள் தனியாக உள்ள போர்க்குகைப் பணிகளில் மட்டுமே பயன்பட்டன. மறுவாக்கத்தில் அவற்றைத் தெருச்சண்டை முதல் தலைமை எதிரிகள் வரை எங்கும் பயன்படுத்தலாம். இதன் விளைவு என்ன என்பதைச் சொல்கிறேன். இரண்டு வாள்வீரர்கள் மழையில் எதிரெதிரே நிற்கிறார்கள், உரையாடல் உச்சத்துக்கு ஏறுகிறது, சண்டை தொடங்குகிறது. நான் ஒரு பொத்தானை அழுத்துகிறேன், எதிரியின் உயிர்ப்பட்டையில் ஒரு பெரிய துண்டு மின்னலிலும் நெருப்பிலும் கரைந்துவிடுகிறது. காட்சி எழுப்பிய பதற்றம் அங்கேயே இறங்கிப்போகிறது. நடிகர் ராகுல் கோலி, மல்யுத்த வீரர் கென்னி ஒமேகா போன்றோரின் முகங்களும் அட்டைகளில் வருகின்றன, வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் தன் தந்தையைக் கொன்றவனைத் தேடும் கதையின் நடுவில் அந்த வேடிக்கை எனக்கு ஒட்டவில்லை. விமர்சகர்கள் பலரும் சண்டைமுறையையே பலவீனமான பகுதியாகக் குறித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மறுமொழி

மேலே எழுதியவரின் கணக்கில் பாதியை ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க முடியவில்லை. நான் அட்டைகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுத்தான் ஆடினேன். ஆட்டத்தின் முதற்பாதியில் அது மிகச் சிறந்த முடிவாக இருந்தது. வாள், துப்பாக்கி, வெறுங்கை, வாளும் துப்பாக்கியும் கலந்த நடனக்காரன் (வைல்ட் டான்சர்) பாணி என்று நான்கு முறைகள் இருப்பதால் சலிப்பே தோன்றவில்லை. குறிப்பாகக் கடைசியாகச் சொன்ன பாணியில், எதிரிகளின் நடுவே சுழன்றபடி வெட்டிச் சுடுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி, இந்தத் தொடரின் வேறு எந்த ஆட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பின்பாதியில் கதை வேறாகிவிட்டது. எதிரிகளின் உயிர்ப்பட்டை நீண்டுகொண்டே போகிறது. தலைமை எதிரிகள் நம் அடியால் சற்றும் தடுமாறாமல் தம் வீச்சைத் தொடர்கிறார்கள். அவர்களுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் கொல்லனிடம் வாளையும் கவசத்தையும் மேம்படுத்த வேண்டும். அதற்கான பொருள்களுக்காக அதே போர்க்குகைகளில் மீண்டும் மீண்டும் இறங்க வேண்டும். விமர்சனங்களில் இந்த உழைப்பைப் பற்றிய முணுமுணுப்பு நிறையவே இருந்தது. இந்தக் குறை 2023இல் பிறந்தது அன்று, 2014இலிருந்தே வந்தது. அட்டைகளை எங்கும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது அந்தப் பழைய சுமையைக் குறைக்கும் வழியாகவும் அமைந்துவிட்டது என்பதே என் வாதம். கொல்லனின் பட்டியலைத் திருத்தியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். அதைச் செய்யாமல் மேலே ஒரு கட்டுப்போட்டார்கள். விமர்சகர்கள் கட்டைத் திட்டினார்கள், உள்ளே இருந்த புண்ணைப் பற்றி ஓரிரு வரிகளில் கடந்துபோனார்கள்.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். இதே தொடரின் முதலிரண்டு ஆட்டங்களும் 'கிவாமி' என்ற பெயரில் 2016, 2017 ஆண்டுகளில் ஜப்பானில் மறுவாக்கம் பெற்றன. அவற்றில் இரண்டாவது, ஸ்டூடியோவின் சொந்த ஆட்ட உருவாக்க மென்பொருளான டிராகன் எஞ்சினில் கட்டப்பட்டது. இஷினுக்கு மட்டும் அன்ரியல் எஞ்சின் 4 என்ற வேறொரு மென்பொருளைத் தேர்ந்தார்கள். நியான் விளக்குகள் மின்னும் இரவு நகரத்துக்கு ஏற்ற கருவி, பகல் வெளிச்சமும் மண்சாலையும் மரவீடுகளும் நிறைந்த ஊருக்குப் பொருந்தாது என்று கருதியிருக்கலாம். பலன் சீராக இல்லை. முக்கியப் பாத்திரங்களின் முகங்கள் அருமையாக இருக்க, வழிப்போக்கர்களின் அசைவில் பிஎஸ்3 காலம் எட்டிப்பார்க்கிறது.

மறுமொழி

அட்டைகளைப் பற்றி இருவரும் போதிய அளவு பேசிவிட்டீர்கள். எனக்கு விமர்சனங்களில் உறுத்தியது வேறு. பெயர்களின் நெரிசலில் கதையைத் தொடர முடியவில்லை என்று சில வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதினார்கள். உண்மையில் நெரிசல்தான், ஆட்டத்துக்குள் சொற்களுக்கு விளக்கம் தரும் வசதி இருந்தும், பாகுமட்சு காலத்தை (ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி முடிவுக்கு வந்த காலம்) அறியாதவருக்கு ஷோகுனின் ஆதரவாளர் யார், பேரரசரின் ஆதரவாளர் யார் என்பதே முதலில் பிடிபடாது. ஆனால் அந்த வரலாற்றை ஓரளவு அறிந்தவருக்கே இந்தக் கதையின் துணிச்சல் முழுதாகப் புரியும் என்பதை அவர்கள் குறிப்பிடவில்லை.

வரலாற்றில் ரியோமாவும் சைட்டோ ஹஜிமேவும் எதிரெதிர் முகாமைச் சேர்ந்தவர்கள். ஷோகுன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த சட்சுமா, சோஷு என்ற இரு சிற்றரசுகளின் கூட்டணிக்கு 1866இல் இடைநின்றவர் ரியோமா. அந்த ஆட்சியைக் காக்கவே கியோட்டோவில் வாளெடுத்தது ஷின்சென்குமி, அதன் மூன்றாம் பிரிவின் தலைவர் சைட்டோ. ரியோமா 1867இல் கியோட்டோவின் ஓமியா என்ற இடத்தில் கொல்லப்பட்டார். சைட்டோவோ புதிய அரசில் காவல்துறைப் பணியும் பார்த்து 1915வரை வாழ்ந்தார். இவ்விருவரையும் ஒரே ஆளாக்குவது என்பது ஒரு நாட்டின் பாடநூலையே குறுக்கே வெட்டி ஒட்டுவதற்குச் சமம். யோஷிடா டோயோவின் கொலையும் அப்படித்தான். 1862இல் அவரைக் கொன்றது டாகேச்சி ஹன்பெய்டாவின் டோசா விசுவாசக் கட்சியினர். ரியோமா அதற்குச் சற்று முன்பே டோசாவைவிட்டு ஓடியிருந்தார். ஆட்டமோ டாகேச்சியை அவருக்கு உடன்பிறவாச் சகோதரனாக்கி, முகமூடிக்குப் பின்னால் யார் என்ற கேள்வியை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. அதே நேரம், மேலே நண்பர் புகழ்ந்த அந்தத் துப்பாக்கி கற்பனையன்று. 1866இல் தெராடாயா விடுதியில் தன்னைச் சுற்றிவளைத்தவர்களிடமிருந்து ரியோமா தப்பியது கைத்துப்பாக்கியின் துணையால்தான். ஆட்டத்தில் அவன் தங்கும் இடமும் அதே தெராடாயா விடுதி என்பதைக் கண்டபோது, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதியவர்கள் நன்றாக யோசித்திருப்பது தெரிந்தது.

முகங்களை மாற்றியது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஷின்சென்குமித் தலைவர்கள் சிலருக்கு மூல ஆட்டத்தில் இருந்த முகங்களை நீக்கி, தொடரின் பிந்தைய ஆட்டங்களில் புகழ்பெற்றவர்களை நிறுத்தினார்கள். தொடரை அறிந்தவருக்கு இது இன்பம்தான். எனினும் ஒரு பாத்திரம் நல்லவனா தீயவனா என்பதை முகத்தைப் பார்த்த கணத்திலேயே ரசிகர் ஊகித்துவிடுகிறார். துரோகி யார் என்ற கேள்வியையே அச்சாகக் கொண்ட கதைக்கு அது நட்டம். தொடரின் நாயகன் கிரியூவின் குரலான குரோடா டக்காயா ரியோமாவுக்குத் தரும் கனத்தை மட்டும் யாரும் குறை கூறி நான் படித்ததில்லை.

தொடக்கப் பதிவரின் மறுமொழி

உழைப்பு 2014இலேயே இருந்தது என்ற வாதத்தை ஏற்கிறேன். என் கணக்கில் அதைச் சேர்த்தால் பழைய ஆட்டத்தின் பக்கமும் ஒரு கடன் ஏறிவிடுகிறது. ஆனால் விமர்சனங்கள் ஓரிரு வரிகளில் கடந்துபோன இன்னொன்று, ஹருகா என்ற சிறுமியோடு வாழும் அந்தச் சிறிய வீடு. தோட்டத்தில் காய்கறி பயிரிட்டு, சமைத்து, நாய் பூனை வளர்த்து, அவளுடைய கடனை அடைக்க விளைச்சலை விற்றுக்கொண்டிருந்தேன். ஷின்சென்குமிப் பணி காத்துக்கிடந்தது. பக்கத்து ஊரில் கோழிப் பந்தயம், உடான் கடையில் வேலை, நடன வகுப்பு, தெருவை மறித்து ஆடும் கூட்டம் என்று எதை எடுத்தாலும் மணிக்கணக்கில் நேரம் போகிறது. குறிப்பிட்ட நாளுக்குள் எழுதி முடிக்க வேண்டியவர் இதில் எவ்வளவு நேரம் செலவிட முடியும்? முதன்மைக் கதையை விரைந்து முடிப்பவருக்குத்தான் சண்டையும் கொல்லனும் பெரிய தடையாக நிற்கின்றன. நிதானமாகச் சுற்றுபவரிடம் நற்பண்புப் புள்ளிகளும் பணமும் தானாகவே சேர்ந்திருக்கின்றன. புதிதாக ஆடப்போகிறவர்கள் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு கதையை நிறுத்திவிட்டு ஊரைச் சுற்றுங்கள். அட்டைகள் வேண்டுமா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.